இலை நுனி கருகுவது ஏன்? – வாசகர் கேள்வி-பதில்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: காற்றில் ஈரப்பதம் போதவில்லை, என்ன செய்வது? ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, முக்கியமானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: படுக்கையறையில் ஒரு கலாத்தியா வைத்திருக்கிறேன். ஐந்து மாதம் முன்பு நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது ஒவ்வொரு இலையும் கையால் வரைந்த மாதிரி இருந்தது. இப்போது எல்லா இலையிலும் ஓரம் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறது. ஏசி அறையில் ஈரப்பதம் இருக்காது என்று எல்லோரும் சொன்னதால் தினமும் மூன்று வேளை ஸ்ப்ரேயரில் தண்ணீர் அடிக்கிறேன். ஒரு மாற்றமும் இல்லை. – வாசகி, வேளச்சேரி

முதலில் அந்த ஸ்ப்ரேயரைக் கீழே வையுங்கள் சகோதரி. நீங்கள் சோம்பல் படாமல் மூன்று வேளை செய்கிறீர்கள், அந்த அக்கறை புரிகிறது, ஆனால் அதனால் செடிக்குப் பயன் இல்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு சாதாரண புழுக்கமான ராத்திரி, 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம். அந்த அறைக் காற்றில் ஆவியாகக் கரைந்திருக்கும் தண்ணீரை மட்டும் பிரித்தெடுத்தால் ஏறக்குறைய முக்கால் லிட்டர் வரும். ஏசியைப் போட்டு 24 டிகிரிக்குக் கொண்டுவந்து ஈரப்பதம் 50-ல் நின்றால் அதில் பாதிதான் மிச்சம் இருக்கும். மீதி பாதி ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகி வெளியே சொட்டிவிட்டது. நீங்கள் ஸ்ப்ரேயரைப் பத்து முறை அழுத்தினால் வெளியே வருவது சுமார் 10 மில்லி தண்ணீர். அது முழுவதும் ஆவியானாலும் அந்த அறையின் ஈரப்பதம் 1 சதவீதம் சொச்சம்தான் ஏறும், அதையும் கொஞ்ச நேரத்தில் ஏசி இழுத்து வெளியே விட்டுவிடும். செடிக்கு மிஞ்சுவது இலை இடுக்கிலும் குருத்துக்குள்ளும் தேங்கி நிற்கும் துளிகள்தான், அவை பூஞ்சைக்கு நல்ல இடம்.

அப்புறம் இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஈரப்பதம் 50 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அறை வறண்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. இலையிலிருந்து நீரை உறிஞ்சுவது காற்றின் தாகம். அந்தத் தாகம் எவ்வளவு என்பதை வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். உங்கள் ஏசி அறையில், 24 டிகிரியில், 50 சதவீதத்தில், ஒரு கன மீட்டர் காற்று நிரம்புவதற்கு இன்னும் 11 கிராம் நீர் வேண்டும். வெளியே பால்கனியில் பகல் 34 டிகிரி, ஈரப்பதம் 60 என்றால், எண் பெரிதாகத் தெரிந்தாலும் அந்தக் காற்றுக்கு 15 கிராம் வேண்டும். ஆக, பால்கனிக் காற்றுக்குத்தான் தாகம் அதிகம். கலாத்தியா தென் அமெரிக்கக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில், தரையோரமாக வளர்கிற செடி, அதற்கு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் 50-ல் ஐந்தே மாதத்தில் எல்லா இலையும் கருகாது. வேறு ஏதோ நடக்கிறது.

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஏசியின் காற்று செடி மேல் நேராக விழுகிறதா? ராத்திரி ஏசி ஓடும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புகை நேராக மேலே போனால் கவலை இல்லை. படுத்துக்கொண்டு ஓடினால் அந்த இடம் ஆகாது. இலையைச் சுற்றி மெல்லிய ஈரப் படலம் ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும், வீசும் காற்று அதை விடாமல் வழித்துக்கொண்டே இருந்தால் இலை ஓரம் வரை நீர் போய்ச் சேர்வதற்குள் ஓரம் காய்ந்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தாலும் இதே கதிதான். இரண்டடி தள்ளி வைத்தாலே போதும், பல வீடுகளில் இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

இரண்டாவது, எனக்கு அதிகச் சந்தேகம் இதன் மேல்தான்: என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை. போர் தண்ணீர் என்றால் தொட்டியின் விளிம்பையும் மண்ணின் மேற்பரப்பையும் பாருங்கள், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? செடி நீரோடு உப்பையும் சேர்த்து இழுக்கிறது, நீர் இலை வழியாக ஆவியாகிவிடுகிறது, உப்பு மட்டும் இலையின் நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடுகிறது. கலாத்தியா, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் மூன்றும் இதனால் சீக்கிரம் பாதிக்கப்படுபவை, அதிலும் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தால் இன்னும் மோசம். வாளியில் ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றினால் குளோரின் போகும், உப்பும் ஃப்ளோரைடும் போகாது. வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருந்து, அதன் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறவராக இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள், வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க அது நல்லது.

நானே இதைப் பார்த்துத்தான் நம்பினேன். ஒரே செடியைப் பிரித்து இரண்டு தொட்டியில் வைத்து, ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒன்றுக்கு போர் தண்ணீரும் இன்னொன்றுக்கு மொட்டைமாடியில் பிடித்த மழைத் தண்ணீருமாக ஊற்றி வந்தேன். மூன்றாவது மாதம் போர் தண்ணீர்த் தொட்டியில் புதிதாக விரிந்த இலைகூட நுனியில் ஊசி முனை அளவு பழுப்போடுதான் வந்தது. பக்கத்துத் தொட்டியில் ஒரு புள்ளி இல்லை. இரண்டும் சுவாசித்தது ஒரே காற்றைத்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று நான்கு மடங்கு மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. நல்ல தண்ணீரோ மெதுவாக ஊற்றி, அடித் துவாரம் வழியாக முழுக்க வடிய விடுங்கள். அதன் பிறகு அதே தண்ணீரையே தொடருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தாலும் சரி, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அறை வெப்பத்துக்கு வந்தபின் அலங்காரச் செடிகளுக்கு ஊற்றலாம். ஏசி சர்வீஸ் செய்த அன்று வரும் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், கழுவிய மருந்து அதில் இருக்கும். கீரை, கறிவேப்பிலை போன்ற சாப்பிடுகிறவற்றுக்கு ஏசி தண்ணீர் வேண்டாம். உரத்தை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள்.

கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். இனி விரியும் இலையைத்தான் பார்க்க வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்ததும் இலைகள் கைகூப்புவதுபோல மேலே நிமிர்கின்றனவா, காலையில் படிந்துகொள்கின்றனவா என்று கவனியுங்கள். அந்த அசைவு நிற்காமல் இருக்கும் வரை செடி நன்றாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 48 காட்டுகிறது, மற்றது 61 காட்டுகிறது. எதை நம்புவது? – வாசகர், திருச்சி

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். இதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது, சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு கரைந்து ஓடக்கூடாது, பிசுபிசுவென்று நிற்க வேண்டும். அந்த மூடியையும் இரண்டு மீட்டர்களையும் காற்றுப் புகாத டப்பாவிலோ ஜிப் பையிலோ ஒன்றாக வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மீட்டரில் உப்புத் தண்ணீர் படக்கூடாது. ஈர உப்பு இருக்கும் மூடிய இடத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், நம் ஊர் வெப்பத்தில் அது பெரிதாக மாறாது. காலையில் பையைத் திறக்காமலே பாருங்கள். ஒன்று 70 காட்டினால் அது 5 குறைவாகக் காட்டுகிறது, எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மீட்டரின் பின்னால் ஒட்டிவிட்டால் மறக்காது.

மீட்டரைச் சுவரில் மாட்டாதீர்கள், செடியின் இலை மட்டத்தில், வெயில் நேரே படாமல் வையுங்கள். காலை, மதியம் மூன்று மணி, ராத்திரி என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே புதிதாக ஏதாவது தெரியவரும். திருச்சியில் கோடையில் காலை 70 காட்டும் அதே அறை மதியம் 35-க்கு இறங்கினால் ஆச்சரியமில்லை.

கேள்வி: கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் தொட்டியை வைத்தால் போதும் என்று நர்சரியில் சொன்னார்கள். போதுமா, இல்லை காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? பத்து பன்னிரண்டு செடிகள் இருக்கின்றன, அந்தூரியமும் பெரணியும் (ஃபெர்ன்) அதிகம். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையும் இருக்கிறாள். – வாசகி, கோயம்புத்தூர்

கூழாங்கல் தட்டு கெடுதல் இல்லை, பலனும் பெரிதாக இல்லை. தட்டுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் கொஞ்சம் ஈரம் கூடும், அதற்கு மேல் ஃபேன் காற்றில் கலந்து போய்விடும். ஃபிட்டோனியா மாதிரி தரையோடு படரும் சின்னச் செடிக்கு ஓரளவு உதவும். இரண்டடி உயரமுள்ள அந்தூரியத்தின் மேல் இலைக்கு அது இருப்பதே தெரியாது. வைப்பதென்றால் தொட்டியின் அடி தண்ணீரில் தொடக்கூடாது, தண்ணீரை நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கொசுதான் வளரும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் தாராளம்.

அதைவிடச் செடிகளை ஒன்றாகக் கூட்டி வைப்பது மேல். ஒவ்வொரு செடியும் இலை வழியாக நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது, தனித்தனியாக ஆறு மூலையில் வைத்தால் அது வீணாகிறது, ஒரு மூலையில் நெருக்கமாக வைத்தால் ஒன்றின் மூச்சு மற்றதற்குப் பயன்படுகிறது. பெரிய இலைச் செடிகள் வெளிவட்டத்தில், பெரணி நடுவில். இலைக்கு இலை உரசாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், பூச்சி வந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவது அப்படித் தொட்டுக்கொண்டிருக்கும் இலை வழியாகத்தான். பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு நடுவே இரண்டு மண் தொட்டிகள் இருந்தால் இன்னும் நல்லது, அவற்றின் உடம்பே ஈரத்தைக் கசிய விடும்.

கோவையில் பிப்ரவரி, மார்ச் மதியங்கள் வறண்டவை, அந்த இரண்டு மூன்று மாதத்துக்காக ஹியூமிடிஃபையர் வாங்க வேண்டுமா என்பது உங்களிடம் என்ன செடி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பளபளப்பான இலையும் சிவப்புப் பூவும் உள்ள சாதாரண அந்தூரியத்துக்குத் தேவையே இல்லை. வெல்வெட் இலை வகைக்கு, அதாவது இலையில் வெள்ளை நரம்பு ஓடும் அந்தூரியத்துக்கு, உதவும். அதன் புது இலை உறைக்குள் சிக்கி, கிழிந்தபடி வெளியே வந்தால் காற்றில் ஈரம் போதாது என்று அர்த்தம். மெல்லிய இலையுள்ள, கறுத்த கம்பி போன்ற காம்புடைய பெரணி ஒரே ஒரு மதியம் வேர் காய்ந்தாலும் சருகாகிவிடும், அதற்குக் காற்றைவிட மண் ஈரம்தான் முதலில்.

வாங்கினால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள், குழந்தையை நினைத்துச் சொல்கிறேன். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அல்ட்ராசோனிக் வகை, அவை தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, அதிர வைத்துப் பொடிப்பொடித் துளியாக வீசுகின்றன. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து காற்றில் வரும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் மேசை, டிவி, இலை எல்லாவற்றிலும் வெள்ளை மாவு படியும், அது நம் மூச்சுக்குள்ளும் போகும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். முன்பு சொன்ன ஏசி தண்ணீரை இதில் ஊற்றவே கூடாது, வேருக்கு ஊற்றுவது வேறு, மூச்சில் இழுப்பது வேறு. அடுத்தது, தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை அந்தக் கருவியின் தண்ணீர்த் தொட்டியை வினிகர் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். உள்ளே கைவிட்டால் வழுவழுப்பாக இருந்தால் அதில் கிருமி வளர்ந்துவிட்டது. இதற்கு நேரம் கிடைக்காது என்று தோன்றினால் வாங்காதீர்கள். குழந்தை தூங்கும் அறையில் வைப்பதற்கு முன் அவளைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், செடிக்காக அவள் மூச்சைச் சோதிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏசி கிடையாது, ஏர் கூலர்தான். அந்த அறையில் செடி வைக்கலாமா? – வாசகர், வேலூர்

தாராளமாக. ஏசி ஈரத்தை உறிஞ்சுகிறது, கூலர் ஈரத்தைக் கொடுக்கிறது. ஏப்ரல், மே மாத வேலூர்க் காற்று வறண்டு கிடப்பதால்தான் அங்கே கூலர் நன்றாக வேலை செய்கிறது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்த காலத்திலும் நடந்தது இதுதான். கூலரின் காற்று நேராக அடிக்காத மூலையில் செடியை வையுங்கள், எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் அறை புழுங்கும்.

வறண்ட வெயில் காலத்தில் செஞ்சிலந்தியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இலையின் மேல்புறம் தூசி படிந்தது போல மங்கி, வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். அந்த இலைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் மிளகாய்ப்பொடித் துகள் மாதிரி விழுந்து, ஒரு நிமிடம் பொறுத்தால் அந்தத் துகள்கள் நடக்க ஆரம்பிக்கும். சூடும் வறட்சியும் சேர்ந்தால் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும். மருந்துக்கு ஓடுவதற்கு முன் செடியைக் குளியலறையில் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் நன்றாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. அதிலும் நிற்காவிட்டால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள்.

கேள்வி: எல்லோரும் ஈரப்பதம் இல்லை என்கிறார்கள், எங்கள் ஊரில் மழை விட்டபாடில்லை. மணி பிளான்ட் இலை நுனியில் காலையில் தண்ணீர்த் துளி நிற்கிறது, அது நோயா? பீஸ் லில்லியில் கறுப்புப் புள்ளிகளும் வருகின்றன. – வாசகி, நாகர்கோவில்

துளி நோய் இல்லை. மண்ணில் ஈரம் நிறைய, காற்றிலும் ஈரம் நிறைய என்னும்போது இலையால் நீரை ஆவியாக வெளியேற்ற முடியாது, வேர் மட்டும் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது நுனியில் துளியாகக் கசியும். சேப்பங்கிழங்கு இலையில் விடியற்காலையில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் தினமும் நிற்கிறது என்றால் தண்ணீரைக் குறையுங்கள் என்று செடி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, சென்னைக்காரர்களுக்கு எழுதும் யோசனையை நீங்கள் பின்பற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றால் பூஞ்சை அல்லது பாக்டீரியா. அந்த இலைகளை வெட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள், கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேவைப்படுவது காற்றோட்டம். ஃபேனை மெதுவான வேகத்தில், செடி மேல் நேராக விழாமல் ஓட விடுங்கள். அறையில் ஈரப்பதம் பல நாள் 70-க்கு மேலேயே நின்றால் சுவரிலும் அலமாரித் துணியிலும் பூஞ்சை வரும், செடிக்கு நல்லது என்று வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: குளியலறையில் ஈரம் அதிகம் என்பதால் அங்கே வைக்கலாமா? – வாசகர், பெங்களூரு

ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் வந்து, விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிந்தால் வைக்கலாம். குளித்தபின் ஈரம் ஏறி, ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும், அதற்காக வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த விதையில் வளர்த்த கறிவேப்பிலைச் செடி, மூன்று வயது. ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இலையெல்லாம் கொட்டிவிடுகிறது. ஹீட்டர் ஓடுவதால் மீட்டர் 20 காட்டுகிறது. ஹியூமிடிஃபையரை முழு வேகத்தில் வைத்தும் பயனில்லை, ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிகிறது. – வாசகி, டொராண்டோ

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தச் செடி உங்களுக்கு என்ன என்பது புரிந்தது. பயப்படாதீர்கள், இலை கொட்டினாலும் அது பெரும்பாலும் சாகவில்லை.

வெளியே மைனஸ் 10 டிகிரியில் காற்றால் ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம் நீரைத்தான் தாங்க முடியும். அதே காற்று கதவிடுக்கு வழியே உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால், 18 கிராம் கொள்ளும் இடத்தில் இரண்டே கிராம், அதாவது பத்துப் பன்னிரண்டு சதவீதம். சமையல், குளியல், உங்கள் மூச்சு எல்லாம் சேர்ந்துதான் அதை 20-க்குக் கொண்டுவந்திருக்கின்றன. அதை 60 ஆக்கப் பார்த்தால் குளிர்ந்த ஜன்னலில் தண்ணீர் வழிந்து மரச்சட்டம் ஊறிப்போகும். 30-லிருந்து 40-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், கண்ணாடியில் நீர் கோக்க ஆரம்பித்தால் அதற்கும் கீழே.

கறிவேப்பிலைக்கு 40 போதும். நம் ஊரில் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காய்கிற செடி அது, கலாத்தியா மாதிரி காட்டு நிழலில் பிறந்தது இல்லை. அது இலையை உதிர்ப்பது குளிருக்கும் வெளிச்சம் குறைவதற்கும்தான். இலையுதிர் காலத்தில் ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்கு வரும்வரை காத்திருக்காமல், 15 டிகிரி ஆகும்போதே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல், அதோடு ஒரு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு தினமும் 12 மணி நேரம். ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு மேலே வைக்காதீர்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, மொட்டையாக நிற்கிறதே என்ற பரிதாபத்தில் ஊற்றுவதுதான் பல வீடுகளில் அதைக் கொல்கிறது. மண் நன்றாகக் காய்ந்தபின் கொஞ்சமாக ஊற்றி, தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பிப்ரவரி முடிவில் வெளிச்சம் கூடும்போது கணுக்களில் துளிர் வரும், அப்போது உரம் கொடுக்கலாம்.

கேள்வி: ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். ஹியூமிடிஃபையர், மீட்டர் எதுவும் வாங்க முடியாது. ஆனாலும் ஃபிட்டோனியா, சின்னப் பெரணி மாதிரி செடிகள் ரொம்பப் பிடிக்கும். வழி இருக்கிறதா? – மாணவர், சேலம்

இருக்கிறது தம்பி, இந்த இதழிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையதுதான். அகல வாயுள்ள ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடி போதும்.

லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். புகை மண்டிய அந்த ஊர்க் காற்றில் அவர் வளர்த்த பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டே இருந்தன. 1829 வாக்கில், கூட்டுப்புழு ஒன்றைக் கவனிப்பதற்காக ஈர மண்ணோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். வெளியே எத்தனை பாடுபட்டும் பிழைக்காத பெரணி அந்த மூடிய பாட்டிலுக்குள் தானாக முளைத்திருந்தது. உள்ளிருக்கும் ஈரம் பகலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்குவதை அவர் கவனித்தார். அதை வைத்துச் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிறகு கடல் கடந்து செடிகள் போயின, சீனத்துத் தேயிலை இமயமலைச் சரிவுக்கு வந்ததும் அப்படித்தான்.

நீ செய்ய வேண்டியது: ஜாடியை எண்ணெய், உப்பு வாசனை போகக் கழுவிக் காயவை. அடியில் இரண்டு விரல் உயரம் சின்னக் கூழாங்கல், அதன் மேல் கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டுகள், அதற்கு மேல் நான்கு விரல் தேங்காய் நார்க்கழிவும் செம்மண்ணும் கலந்த கலவை. கலவையை உள்ளங்கையில் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஃபிட்டோனியாவில் இரண்டு கணு உள்ள தண்டை வெட்டிச் செருகினாலே வேர் பிடித்துவிடும், பக்கத்து அறை நண்பரிடம் இருந்தால் காசே தேவையில்லை. மூடியை மூடி, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் நேரே விழாத ஜன்னலோரம் வை. வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும், இதை மட்டும் மறக்காதே.

காலையில் கண்ணாடியில் மெல்லிய பனி படிந்து, மதியத்துக்குள் விலகினால் ஈரம் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க உள்ளே எதுவும் தெரியாத அளவுக்கு நீர் கோத்து நின்றால் இரண்டு மூன்று மணி நேரம் மூடியைத் திறந்துவை. கண்ணாடி இரண்டு நாள் முழுக்கத் தெளிவாகவே இருந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடு, போதும். நன்றாக அமைந்த ஜாடிக்கு மாதக்கணக்கில் தண்ணீர் தேவைப்படாது, செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போதும் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். முதல் இலை அழுகினால் உடனே எடுத்துவிடு. முளைத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறோம்.